முழங்காலில் வைத்து முறிப்பது

அந்த வெள்ளிக்கிழமை காலை என் துறைத்தலைவி சொன்ன வாக்கியத்தில் எனக்குத் தெளிவாகக் கேட்டது இரண்டு சொற்கள்தான். ஒன்று முழங்கால், இன்னொன்று உடைப்பது. ஜெர்மனில் வினைச்சொல் பல நேரம் நம் தமிழைப் போலவே கடைசியில் வந்து உட்காரும் என்பதால் முதலில் முழங்கால் வந்தது, நான் திடுக்கிட்டுக் கீழே பார்த்தேன், அதற்குள் உடைப்பதும் வந்துவிட்டது. "டாஸ் வோலன் விர் யெட்ஸ்ட் நிஹ்ட் யூபர்ஸ் க்னீ ப்ரெஹன்." நம் ஊரில் யாருக்காவது கோபம் வந்தால் முதலில் ஆபத்துக்குள்ளாகும் உறுப்பு முட்டிதான். "முட்டியப் பேத்துருவேன்" என்பதைக் கணக்கு வாத்தியார் முதல் தெருமுனைச் சண்டை வரை கேட்டு வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? முந்தைய நாள் இரவு நான் செய்துவைத்திருந்த காரியத்துக்கு அப்படி ஒரு மிரட்டல் வந்தாலும் தப்பில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. காப்பிக் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு உட்காரச் சொன்னார்.

காரியம் இதுதான். வியாழக்கிழமை மதியம் மேலிடத்துக்கு ஒரு மென்பொருளைக் காட்டும் கூட்டம். எட்டு மாதமாக நான் ஒண்டியாக உட்கார்ந்து எழுதிய மென்பொருள் அது. திரையில் விரிந்த முதல் பக்கத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றிக்குக் கீழே, பொடி எழுத்தில், அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போய். கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. நான் இருப்பது பவேரியாவில், ரேகன்ஸ்பர்க் நகரத்தில். அங்கே டான்யூப் ஆற்றின் மேல் பழைய கல்பாலம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டினால் ஷ்டாட்டாம்ஹோஃப், அங்கேதான் என் வாடகை வீடு. பாலத்தின் நடுவில் இரண்டு நிமிடம் நின்று ஆற்றைப் பார்த்தால் எந்தக் கோபமும் பாதியாகும் என்பது என் அனுபவம். அன்றைக்கு ஆகவில்லை. சாப்பிடவும் இல்லை. இரவு பதினொன்றே முக்காலுக்கு மடிக்கணினியைத் திறந்து இரண்டே வரி எழுதினேன்: வேலையை விடுகிறேன், இதுவரை கிடைத்த ஒத்துழைப்புக்கு நன்றி. அந்த நன்றியை எழுதும்போது இருந்த திருப்தி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் பின்னால் யோசிக்கும்போது கொஞ்சம் பயமாக இருந்தது, அவ்வளவு நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

வேலையை விடுவதற்கு ஜெர்மனில் இருக்கும் சொல் க்யூண்டிகுங். தமிழ்க் காதுக்குச் சங்கடமான சொல், இங்கே வந்த புதிதில் நண்பர்கள் கூடினால் இதை வைத்தே அரை மணி நேரம் சிரித்திருக்கிறோம். அன்று காலை அதே சொல்லைத் துறைத்தலைவி நிதானமாக, ஒரு வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். மின்னஞ்சலில் வந்த க்யூண்டிகுங் செல்லாது. இங்கே குடிமையியல் சட்டத்தின் 623-ஆம் பிரிவு அப்படி. வேலையைத் தொழிலாளி விடுவதானாலும் முதலாளி அனுப்புவதானாலும் தாளில் எழுதி, பேனாவால் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளே எதிராளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வாயால் கத்தினால் செல்லாது, குறுஞ்செய்தி செல்லாது, ஒளிநகல் எடுத்து அனுப்பினாலும் செல்லாது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து இதுதான் விதி. "திங்கட்கிழமையும் உங்களுக்கு இதே எண்ணம் இருந்தால் தாளில் கொண்டுவாருங்கள், மரியாதையாக வாங்கிக்கொள்கிறேன். இப்போது இதை முழங்காலில் வைத்து முறிக்க வேண்டாம்" என்றார். இரண்டாவது தடவை மெதுவாகச் சொன்னதால் முழு வாக்கியமும் புரிந்தது. சொற்கள்தான் புரிந்தன, பொருள் புரிந்தது என்று சொல்ல முடியாது.

அன்று மாலை அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஏண்டா, எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யாதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்று ஆரம்பித்து, நான் ஏழாம் வகுப்பில் சைக்கிளை விற்றது வரை போய்விட்டார். அப்போதுதான் உறைத்தது, முழங்கால் வாக்கியத்துக்கு நம்மிடம் கச்சிதமான ஜோடி இருக்கிறது. எடுத்தேன் கவிழ்த்தேன். அகராதியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடலாம், தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் எனக்கு ஏனோ அது ஒட்டவில்லை. கவிழ்ப்பது வேறு, முறிப்பது வேறு. கவிழ்த்தால் கொட்டிவிடும், கொட்டியதை அள்ள முடியாது, தரை ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். முறித்தால் கையில் இரண்டு துண்டு மிஞ்சும். அந்த இரண்டு துண்டை என்ன செய்வது?

சுள்ளியும் கணுவும்

விடை கீழ்வீட்டில் இருந்தது. கீழே குடியிருப்பவர் ஓய்வுபெற்ற தச்சர், எழுபதைத் தாண்டியவர். என்னிடம் அதிகம் பேசமாட்டார், பேசினால் பவேரிய மொழியில் பேசுவார், பாதி புரியாது. இரண்டு வருடமாக என்னை "ஸீ" என்றுதான் அழைக்கிறார், நம்முடைய நீங்கள் மாதிரி. நீ, இவர்கள் மொழியில் "டூ", என்று இறங்கிவர இங்கே பெரியவர்தான் முதலில் கையை நீட்ட வேண்டும், அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் இருக்கிறதே, அது தனிக் கட்டுரை. சனிக்கிழமை காலை அவர் கொல்லையில் விறகு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அக்டோபர் கடைசி, குளிர் இறங்கிவிட்டது, அவர் வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்று உண்டு. எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வேறு காத்துக்கொண்டிருந்தன. இறங்கிப் போய், உதவி வேண்டுமா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுவரோரம் குவிந்திருந்த காய்ந்த கிளைகளைக் காட்டினார். ஹேசல் செடியை வெட்டிப் போட்டது, பெருவிரல் கனத்திலிருந்து சுண்டுவிரல் கனம் வரை. அடுப்புப் பற்றவைக்கச் சுள்ளி வேண்டும், ஒரு சாண் நீளத்துக்கு.

அவர் ஒன்றைச் செய்து காட்டினார். குச்சியின் இரு முனையையும் பிடித்தார், காலைக் கொஞ்சம் தூக்கினார், தொடையும் முட்டியும் சேரும் இடத்தில் வைத்து ஒரு அழுத்து. படக். நான் சிரித்துவிட்டேன். "இதுதானா அது?" என்று கேட்டு, துறைத்தலைவி சொன்ன வாக்கியத்தை அரைகுறை உச்சரிப்பில் சொன்னேன். ஆங்கிலத்தில் முழங்காலுக்கு எழுதும் முதல் எழுத்து வாய்க்குள்ளேயே செத்துவிடும், ஜெர்மனில் அதை உயிரோடு உச்சரிக்க வேண்டும், க்னீ. நான் அதை இரண்டு அசையாகச் சொல்லி, கினீ என்று ஆக்கிவிட்டிருந்தேன். பெரியவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையை ஆட்டினார், ஆமாம் இதுதான்.

அப்புறம் நான் முறித்தேன். பத்து, பதினைந்து குச்சி சுலபமாகப் போயிற்று. முதல் பக்கத்தில் இருந்த பெயரை நினைத்துக்கொண்டால் இன்னும் சுலபமாகப் போயிற்று. அந்த வேகத்திலேயே பெருவிரல் கனக் கிளை ஒன்றை எடுத்து, முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். அது மேலே காய்ந்து உள்ளே பச்சை. வளைந்தது, முனகியது, முறிந்தது. முறிந்த இடம் என் முட்டிக்கு நேராக இல்லை. ஒரு சாண் தள்ளி, ஒரு கணு இருந்த இடத்தில் போய் முறிந்திருந்தது. ஒரு துண்டு நீளம், ஒரு துண்டு கட்டை, இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி ஒரு நார்ப்பட்டை நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. முறிந்த வாயில் பல்லுப் பல்லாகச் சிலாம்புகள், அதில் ஒன்று என் உள்ளங்கையில். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. இரவு பார்த்தபோது ஐந்து ரூபாய் நாணய அளவில் கன்றிப்போயிருந்தது, ஒரு வாரம் நீலமாகவும் அடுத்த வாரம் மஞ்சளாகவும் இருந்தது.

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அந்த நார்ப்பட்டையைக் கத்தியால் அறுத்து இரண்டாக்கினார். பிறகு பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு மரச் சட்டத்தை இழுத்து வந்து போட்டார். பெருக்கல் குறி மாதிரி இரண்டு ஜோடிக் கால், நடுவில் கிளையைக் கிடத்தினால் உருளாது. கிளையைக் கிடத்தி, இடது பெருவிரல் நகத்தால் ஒரு இடத்தில் அழுத்தி அடையாளம் வைத்து, வளைந்த பிடி போட்ட ரம்பத்தால் அறுத்தார். அவசரமே இல்லை. "நுர் நெட் ஹூடல்ன்" என்றார், பவேரிய மொழியில் சும்மா பதறாதே என்று அர்த்தம். துண்டு விழுந்தது, அவர் நகம் வைத்த இடத்தில், வெட்டு முகம் பட்டு மாதிரி வழவழவென்று. பிறகு சொன்னார், அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்: "அடுப்புக்குப் போறதுன்னா முழங்கால்ல முறிங்க, ஒண்ணும் தப்பில்ல. நாற்காலிக் காலுக்குன்னா அறுக்கணும்."

நான் அதுவரை அந்த வாக்கியத்தை வேகத்தைப் பற்றியது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவசரப்படாதே, பொறுமையாக இரு, அம்மா சொல்வதும் அதுதான், உலகத்தில் எல்லா மொழியிலும் கிழவர்கள் சொல்வதும் அதுதான். ஆனால் ரம்பத்தால் அறுக்க ஆன நேரம் என்ன, ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. வித்தியாசம் நேரத்தில் இல்லை. முழங்காலில் வைத்து முறிக்கும்போது எங்கே முறிய வேண்டும் என்பதை நான் தீர்மானிப்பதில்லை, கட்டையின் கணு தீர்மானிக்கிறது. என் இரண்டு வரி மின்னஞ்சலும் அப்படித்தான். நான் முறிக்க நினைத்தது அந்த ஒரு மனிதரோடு இருந்த உறவை. முறிந்திருக்கக் கூடியது வேலை, அந்த வேலையை நம்பி இருந்த குடியிருப்பு அனுமதி, வாடகை, ஊருக்குப் போகும் பணம். தவிர இங்கே தகுந்த காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டால் வேலையில்லாக் கால உதவித்தொகையை 12 வாரம் நிறுத்திவைப்பார்கள். அந்தக் கணுக்களையெல்லாம் வியாழக்கிழமை இரவு நான் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளைத் தாள் திங்கட்கிழமையும் வெள்ளையாகவே இருந்தது.

ஓர் இரவு என்பது விதி

ஒரு சொல்லைப் பிடித்துவிட்டால் அது எல்லா இடத்திலும் காதில் விழும், புதுச் செருப்பு வாங்கிய பிறகு ஊரெல்லாம் அதே செருப்பாகத் தெரிவது மாதிரி. அடுத்த சில மாதங்களில் இந்த வாக்கியத்தை வானொலியில் கேட்டேன், பல் மருத்துவர் வாயில் கேட்டேன், வீட்டுச் சொந்தக்காரர் சமையலறைக் குழாயை மாற்றுவது பற்றிச் சொன்னார். ஒரு விஷயம் கவனித்தேன், இதைப் பெரும்பாலும் இல்லை என்பதோடு சேர்த்தே சொல்கிறார்கள். முறிக்க வேண்டாம், முறிக்கக் கூடாது. நான் முறித்துவிட்டேன் என்று யாரும் பெருமையடித்துக் கேட்டதில்லை. தலைதெறிக்க ஓடுவதற்கு, யோசிக்காமல் காதலில் விழுவதற்கு எல்லாம் இன்னொரு சொற்றொடர் வைத்திருக்கிறார்கள், ஹால்ஸ் யூபர் கோப்ஃப், தலைக்கு மேலே கழுத்து. அது குட்டிக்கரணம் அடிப்பவனின் படம், அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. தண்ணீரோடு குழந்தையையும் சேர்த்துக் கொட்டுவது என்று நாம் ஆங்கிலம் வழியாகக் கேட்டிருக்கிறோமே, அதுவும் இவர்களுடையதுதான், 1512-லேயே ஒரு அம்மா தொட்டியைக் கவிழ்க்கும் படத்தோடு அச்சாகியிருக்கிறது. நம்முடைய கவிழ்த்தேனுக்கு ரத்த உறவு. ஆனால் முழங்கால் மட்டும் எப்போதும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள், ஒரு முடிவுக்கு முன்னால் சொல்லும் சொல்.

இந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லோடு விடவில்லை, சட்டத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கையெழுத்துத் தாள் கேட்கும் விதிக்குச் சட்டம் படித்தவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றின் பெயர் யூபர்ஐலுங்ஸ்ஷூட்ஸ், அவசரத்திலிருந்து பாதுகாப்பு. சாதாரண ஆள் இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் நிற்பதானால் வாய்வார்த்தை செல்லாது, எழுத்து வேண்டும். வீடு வாங்குவதானால் நோட்டரி முன்னால்தான், அந்த நோட்டரி முழுப் பத்திரத்தையும் உரக்க வாசிப்பார். வியாபாரியிடமிருந்து தனியாள் வாங்குவதானால் பத்திரத்தின் நகல் பொதுவாக இரண்டு வாரம் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். விவாகரத்து என்றால் முதலில் ஒரு வருடம் பிரிந்து வாழ வேண்டும். இதிலெல்லாம் உச்சம் ராணுவம்தான். கட்டாய ராணுவச் சேவையை 2011-இல் நிறுத்திவைப்பதற்கு முன்னால் சேவை முடித்த ஒரு சக ஊழியர் சொன்னார், நான் நம்பவில்லை, பிறகு விதியையே எடுத்துக் காட்டினார். ஒரு சிப்பாய்க்கு மேலதிகாரி மேல் புகார் இருந்தால் ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆனால் சம்பவம் நடந்த அன்றே கொடுக்க முடியாது. ஓர் இரவு கழிந்திருக்க வேண்டும். ஒரு இரவு அதன்மேல் தூங்கு என்று பாட்டிமார் சொல்வதை அப்படியே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். என் மின்னஞ்சலை அனுப்பிவிட்டு நான் தூங்கிய தூக்கம் நினைவுக்கு வந்தது. வரிசைதான் தப்பு.

என்றாலும் எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தினமும் நான் தாண்டும் கல்பாலமே இதற்கு எதிர்சாட்சி. அதை 1135-இல் தொடங்கி பதினோரே வருடத்தில் முடித்துவிட்டார்கள், அந்தக் காலத்துக்கு அசுர வேகம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தெரியும் பேராலயத்தை 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, கோபுரங்களை 19-ஆம் நூற்றாண்டில்தான் முடித்தார்கள். ஊர்க் கதை இப்படிப் போகிறது: பாலம் கட்டியவனும் ஆலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டினார்களாம், பாலக்காரன் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு முந்திவிட்டானாம், பாலத்தை முதலில் தாண்டும் மூன்று உயிர் சாத்தானுக்கு என்பது கூலியாம், பாலக்காரன் ஒரு சேவலையும் கோழியையும் நாயையும் விரட்டிவிட்டானாம். ஆலயத்தின் வேலை எப்படிப் போகிறது என்று கையை நெற்றியில் வைத்து எட்டிப் பார்க்கும் சின்னக் கற்சிலை ஒன்று பாலத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி, பந்தயம் நடந்திருக்கவே முடியாது, அது வேறு விஷயம். அவசரமாகக் கட்டியதுதான் ஒன்பது நூற்றாண்டாக ஆளைச் சுமக்கிறது. நம்மிடமும் பதறாத காரியம் சிதறாது என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, மறுபக்கம் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள், ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

நீள பெஞ்சு

இங்கேதான் எனக்கு அடங்காத விஷயம் வருகிறது. திங்கட்கிழமை தாளுக்குப் பதிலாக நான் ஒரு கோரிக்கையோடு போனேன். அந்த மென்பொருளுக்கான பொறுப்பு என் பெயரில் வர வேண்டும், அதற்கேற்ற பதவியும். துறைத்தலைவி நன்றாகவே கேட்டார், நியாயம் என்றார், மேலே பேச வேண்டும் என்றார். அப்புறம் சொன்னார்: ஆனால் இதை முழங்காலில் வைத்து முறிக்க வேண்டாம். சரி என்றேன். அப்போது எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் காதலே இருந்தது. ஜனவரியில் கேட்டேன், அதே வாக்கியம். ஏப்ரலில் கேட்டேன், துறையை மாற்றி அமைக்கிறார்கள், இந்த நேரத்தில் முறிக்க வேண்டாம். கோடை விடுமுறை. செப்டம்பரில் கேட்டபோது அவர் க்னீ என்று தொடங்கியதுமே நான் மனதுக்குள் ப்ரெஹன் என்று முடித்துவிட்டேன்.

என்னைக் காப்பாற்றிய வாக்கியம்தான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றும் நம்புகிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், காத்திருப்பதன் செலவு இரண்டு பக்கமும் ஒன்றாக விழுவதில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் "ஆற அமரப் பேசிக்கலாம்ப்பா" என்று சொல்வது யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? அடித்தவனைப் பார்த்து யாரும் சொல்வதில்லை, அடி வாங்கியவனைப் பார்த்துத்தான். ஆறப் போடுவது ஒன்று, ஊறப் போடுவது இன்னொன்று. ஆறப் போட்டால் சூடு போகும். ஊறப் போட்டால் பொருளே உருத்தெரியாமல் போகும், கல் மாதிரி இருந்த உளுந்து காலையில் நகத்தால் நசுங்குவதுபோல. என் கோரிக்கை பதினோரு மாதமாக ஊறிக்கொண்டிருந்தது.

அந்தச் செப்டம்பர் ஞாயிறு ஒன்றில், ஊரிலிருந்து வந்த நண்பனைப் பழைய நகர மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். 1663-இல் கூடி, கலையாமலே 1806 வரை நடந்த புனித ரோமப் பேரரசின் மன்றம் அங்கேதான் இருந்தது. கட்டடத்தின் அடியில் ஒரு சித்திரவதைக் கூடமும் உண்டு, நண்பனுக்கு அதுதான் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்தது மேலே சுவரோரம் இருந்த நீண்ட இருக்கைகள். வழிகாட்டிப் பெண் சொன்ன கதை: மன்றத்துக்கு வரும் மனுக்களை இந்த நீள பெஞ்சில் வைத்துத் தள்ளிக்கொண்டே போவார்களாம், அதனால்தான் ஒரு காரியத்தைக் காலவரையின்றித் தள்ளிப்போடுவதற்கு "ஆவுஃப் டீ லாங்கே பாங்க் ஷீபன்", நீள பெஞ்சில் தள்ளுவது, என்று பெயர். அந்தக் காலத்து நீதிமன்றங்களில் பெட்டி மாதிரி மூடி வைத்த பெஞ்சுகளுக்குள் கட்டுகளைப் போட்டுவைப்பார்கள், அதிலிருந்து வந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. எதுவானாலும் சரி, தமிழில் இதற்கு ஒரே சொல், கிடப்பு. கிடப்பில் போட்டார்கள். நான் அந்த பெஞ்சைப் பார்த்தபடி நின்றேன். பலகை வழவழவென்று இருந்தது, தள்ளுவதற்கு வசதியாக. முழங்காலையும் பெஞ்சையும் ஒரே ஆள் கையில் கொடுத்துவிட்டால் எதை எப்போது எடுப்பது என்பது அந்த ஆளின் இஷ்டம்தானே.

இறங்கி வந்து வீட்டுக்குப் போனபோது பெரியவர் கொல்லையில்தான் இருந்தார், அடுத்த பனிக்காலத்துக்கு விறகு அடுக்கிக்கொண்டு. பீச் மரத்துண்டு ஒன்றைப் பிளந்து, உள்முகத்தில் இரண்டு ஊசி வைத்த ஒரு சின்னக் கருவியைக் குத்திப் பார்த்தார். ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். இங்கே வீட்டு அடுப்பில் 25 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள விறகை எரிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். திரையில் 17 என்று வந்தது. "இது இன்னும் எத்தனை நாள் காயணும்?" என்று கேட்டேன். "காஞ்சாச்சு. இதுக்கு மேல வச்சா புழுதான் வைக்கும்" என்றார்.

அவர் விறகைப் பற்றித்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. நான்தான் வேறு எதற்கோ வாங்கிக்கொண்டேன்.

தாள்

இந்த முறை முறையாகவே செய்தேன். வேறு இரண்டு இடத்தில் பேசினேன், ஒன்று அமைந்தது, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு குடியிருப்பு அனுமதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன், நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். சட்டப்படி நான்கு வாரம் முன்னறிவிப்பு, மாதத்தின் 15 அல்லது கடைசி நாளில் முடிகிற மாதிரி. என் ஒப்பந்தத்தில் அதைவிட அதிகம் கேட்டிருந்தார்கள். கணுக்கள் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, முறிய வேண்டிய இடத்தில் நகத்தை வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒரு வருடத்துக்கு முன்னால் இருந்த அந்தத் திருப்தி வருமா என்று பார்த்தேன். வரவே இல்லை. ஏதோ மின்கட்டணப் படிவம் நிரப்புகிற மாதிரிதான் இருந்தது. நன்றி என்று கடைசியில் எழுதினேன், இந்தத் தடவை நிஜமாகவே.

நீல மையில் கையெழுத்துப் போட்ட தாளை உறையில் வைத்துத் துறைத்தலைவி மேசைக்குக் கொண்டுபோனேன். பிரித்துப் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வருத்தம்தான் முகத்தில் தெரிந்தது. என் நகலில் பெற்றுக்கொண்டேன் என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவசர முடிவு இல்லையே?" என்று கேட்டார். முழங்கால் என்ற சொல்லை அவர் தவிர்த்தார் என்றே நினைக்கிறேன்.

நானோ ஒரு வருடமாக அந்தக் கொல்லையையும் ரம்பத்தையும் மனதில் சுமந்துகொண்டிருப்பவன். இதற்கென்றே ஒரு பதிலைத் தயார் செய்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, நான் இதை முழங்காலில் முறிக்கவில்லை, ரம்பத்தால் அறுத்திருக்கிறேன் என்றேன். "இஹ் ஹாபெ எஸ் கெஸேக்ட்." இலக்கணம் சுத்தம், உச்சரிப்பும் மோசமில்லை.

அவர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்கு. "அறுத்தீங்களா? யாரோட நாற்காலிய?"

ஒருவரின் நாற்காலியை அறுப்பது என்றால் ஜெர்மனில் அவர் பதவிக்கு உலை வைப்பது. எனக்கு அது அன்று மாலைதான் தெரிந்தது, கீழ்வீட்டுப் பெரியவர் சொல்லி. அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கையை என் பக்கம் நீட்டித் தன் முதற்பெயரைச் சொன்னார், இனிமேல் "டூ" என்று கூப்பிடு என்றார்.